கோழிப்பண்ணை, கறிக்கடைத் தொழிலாளர்களுக்கு: மருந்துக்கு அடங்காத கிருமிகளிடமிருந்து காத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பிராய்லர் கோழியில் ஆன்டிபயாடிக் என்று பேச்சு வந்தாலே, சாப்பிடுகிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். மருந்து கொடுத்து வளர்த்த கோழியில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் இருக்கும், கறியோடு நமக்குள் வரும் என்ற பயம்தான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, டிவி விவாதங்களில் வருவதும் அதுதான். ஆனால் நன்றாகக் கொதித்த குழம்பில் இந்தக் கிருமிகள் பிழைப்பதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமி சூட்டுக்கும் அடங்காது என்று நினைக்க வேண்டாம். சாதாரணக் கிருமி சாகிற அதே சூட்டில் அதுவும் செத்துப்போகும்.

அந்தக் கோழி குழம்புச் சட்டிக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை கைகள் மாறுகிறது என்று பாருங்கள். பண்ணையில் கூளத்தைக் கிளறிவிடுகிறவர், ராத்திரியில் கோழி பிடித்து லாரியில் ஏற்றுகிறவர், கடையில் கூண்டிலிருந்து எடுத்து அறுக்கிறவர், தோல் உரித்துத் துண்டு போடுகிறவர், குடலையும் இறகையும் அள்ளுகிறவர். இவர்கள் கையில் படுவது வேகாத கோழி, பல நேரம் உயிருள்ள கோழி. ஆபத்து முதலில் இவர்களுக்குத்தான். இவர்களைப் பற்றிய பேச்சுதான் குறைவு. இந்த வழிகாட்டி அவர்களுக்கும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் எழுதியது. ஆடு, மாடு, பன்றி அறுக்கும் இடங்களில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

இந்தக் கிருமி பண்ணையில் எப்படி உருவாகிறது

ஒரு ஷெட்டில் ஐயாயிரம் கோழி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு கோழி சோர்ந்து நின்றாலும், அந்த நாலை மட்டும் பிடித்து மருந்து கொடுக்க முடியாது. தண்ணீரில் கலந்து ஐயாயிரத்துக்கும் கொடுப்பார்கள். நோய் இல்லாதபோதும், வந்துவிடக்கூடாதே என்று கொடுக்கிற வழக்கம் உண்டு. எடை கூடுவதற்காகத் தீவனத்தில் சிறிய அளவில் கலக்கும் வழக்கம் 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. மருந்து உள்ளே போகும்போது, அதற்குச் சாகிற கிருமிகள் சாகும். சாகாதவை மட்டும் குடலில் தங்கிப் பெருகும். எச்சத்தில் வெளியே வருவதும் அவைதான்.

இதை வெகு காலத்துக்கு முன்பே நேரடியாகப் பரிசோதித்தவர் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் லெவி. மாசசூசெட்ஸில் ஒரு குடும்பப் பண்ணையில் கோழிக்குஞ்சுகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் கொடுத்தார். ஒரே வாரத்தில் அந்தக் கோழிகளின் குடல் கிருமிகள் ஏறக்குறைய முழுவதும் அந்த மருந்துக்கு அடங்காதவையாக மாறின. ஐந்தாறு மாதத்தில் பண்ணை வீட்டு மனிதர்களிடமும் அது தெரிந்தது. அவர்களிடம் வாராவாரம் எடுத்த மல மாதிரிகளில் 31.3 சதவீதத்தில், இருந்த கிருமிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் டெட்ராசைக்ளினுக்கு அடங்காதவை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இது 6.8 சதவீதம்தான். அந்தக் குடும்பத்தில் யாரும் மருந்து சாப்பிடவில்லை. கோழிகளோடு புழங்கினார்கள், அவ்வளவே. இந்த ஆய்வு வெளியானது 1976-ல்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்தைத் தாங்கும் திறனை ஒரு கிருமி தன் சந்ததிக்கு மட்டும் கொடுப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் வைத்து, பக்கத்தில் இருக்கும் வேறு வகைக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். 2015-ல் சீனாவில் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தபோது மருத்துவர்கள் அதிர்ந்தது இதனால்தான். வேறு எந்த மருந்தும் வேலை செய்யாத நோயாளிக்கு, கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து கோலிஸ்டின். அதையே அங்கே பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மருந்தைத் தாங்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியதாக இருந்தது. இந்தியாவிலும் கோழிக்குக் கோலிஸ்டின் சர்வசாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது. 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைப் பயன்படுத்தவும், அதற்காகத் தயாரிக்கவும் விற்கவும் தடை போட்டது.

தொழிலாளிக்கு எவ்வளவு ஆபத்து

இதில் நெதர்லாந்துக்காரர்கள் செய்த வேலையைப் பாராட்டியே ஆக வேண்டும். எம்ஆர்எஸ்ஏ என்பது மூக்கிலும் தோலிலும் தங்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் மருந்துக்கு அடங்காத வகை. சீழ்க்கட்டி முதல் ரத்தத்தில் நஞ்சேறுவது வரை பலதுக்கும் காரணமாகலாம். அந்த நாட்டில் அது மிக அரிது. அப்படியிருக்க, பன்றிப் பண்ணைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த கைக்குழந்தைக்கு அறுவை சிகிச்சைக்கு முன் செய்த சோதனையில் அது தென்பட்டது. தேடிப்போய் பன்றி வளர்ப்பவர்கள் 26 பேரைச் சோதித்தால் 6 பேரிடம் இருந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது 760 மடங்கு அதிகம் என்று 2005-ல் எழுதினார்கள். கால்நடைகளிடமிருந்து வரும் இந்த எம்ஆர்எஸ்ஏ வகைக்குப் பின்னால் சிசி398 என்று பெயர் வந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது, அவர்கள் கோழி அறுக்கும் கூடங்களில் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு. 466 தொழிலாளர்களில் 26 பேரிடம் எம்ஆர்எஸ்ஏ இருந்தது. யாரிடம் இருந்தது என்பதுதான் முக்கியம். உயிருள்ள கோழியைக் கையாண்டவர்களில் 20 சதவீதம் பேரிடம், மற்றவர்களில் 1.9 சதவீதம் பேரிடம் மட்டும். அதாவது ஒரே கூரையின் கீழ் வேலை செய்தாலும், உயிர்க்கோழி இருக்கும் பக்கம் நிற்பவருக்கும் கறி வெட்டும் பக்கம் நிற்பவருக்கும் பத்து மடங்கு வித்தியாசம். அமெரிக்காவின் டெல்மார்வா தீபகற்பம் கோழி வளர்ப்புக்குப் பேர்போனது. அங்கே 2007-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கோழித் தொழிலாளர்கள் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஈ. கோலை என்ற குடல் கிருமியைச் சுமப்பதற்கான வாய்ப்பு ஊரில் மற்றவர்களைவிட 32 மடங்கு இருந்தது.

வெளிநாட்டு எண்களை அப்படியே பல்லடத்துக்கும் நாமக்கல்லுக்கும் பொருத்த முடியாது. அங்கே கோழி இயந்திரத்தில் தொங்கிப் போகிறது. இங்கே ஒரே ஆள் ஒரே கையால் எல்லாவற்றையும் செய்கிறார். ஆனால் கிருமி வரும் பாதை ஒன்றுதான்: கை, காயம், மூக்கு, வாய்.

பயப்பட வைப்பதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. கிருமியைச் சுமப்பது வேறு, நோய் வருவது வேறு. சுமக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை. அதோடு, நெதர்லாந்தில் கன்றுப் பண்ணைக்காரர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, விலங்குகளிடமிருந்து விலகியிருந்த நாட்களில் கிருமி இருந்தவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. தினமும் புதிதாக ஏறுவதைத் தடுத்தால் உடம்பு தானாகவே பாதியைச் சரிசெய்துகொள்ளும். கீழே வரும் படிகள் அதற்குத்தான்.

படி 1: கடையை இரண்டாகப் பிரியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு பிராய்லர் கடையில் நின்று, வெட்டுகிறவரின் வலது கையை மட்டும் கவனியுங்கள். கூண்டுக்குள் போகிறது, காலைப் பிடித்துக் கோழியை வெளியே இழுக்கிறது, தராசில் வைக்கிறது. கழுத்தை அறுத்து ட்ரம்மில் போடுகிறது. அது அடங்குவதற்குள் இன்னொரு ஆளின் கறியைக் கவரில் கட்டுகிறது, ஐநூறு ரூபாய் நோட்டை வாங்குகிறது, சில்லறை கொடுக்கிறது. போன் அடிக்கிறது, எடுத்துக் காதில் வைக்கிறது. டீ வருகிறது, டம்ளரைப் பிடிக்கிறது. திரும்பவும் கூண்டுக்குள் போகிறது. நடுவில் ஒரே ஒரு முறை, ரத்தம் கலந்த பக்கெட் தண்ணீரில் முங்கி எழுந்திருக்கும்.

எச்சத்தில் இருந்த கிருமி நோட்டுக்கும் போனுக்கும் டம்ளருக்கும் போன வழி இது. இதை உடைப்பதுதான் முதல் வேலை. உயிர்க்கோழிப் பக்கம், கறிப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆள் இருந்தால் ஒருவர் கூண்டு, அறுப்பு, ட்ரம், தோல் உரிப்பு. இன்னொருவர் கட்டை, கவர், கல்லா. கூட்ட நேரத்தில் மாற்றிக்கொள்ளக் கூடாது. ஒரே ஆள்தான் என்றால், ஒவ்வொரு கோழிக்கும் ஓடாமல் நாலைந்து கோழியைச் சேர்த்து அறுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கட்டைக்கு வரலாம். காசு வாங்க வாடிக்கையாளரே போடுகிற மாதிரி ஒரு டப்பாவோ, க்யூஆர் அட்டையோ போதும். போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.

படி 2: கை கழுவுவது

பக்கெட்டில் கையை முக்குவது கழுவுவது ஆகாது. முதல் கோழிக்குப் பிறகு அந்தத் தண்ணீரே கிருமிக் கரைசல்தான். ஓடுகிற தண்ணீர் வேண்டும். குழாய் இணைப்பு இல்லாத கடையில், அடியில் குழாய் வைத்த பிளாஸ்டிக் ட்ரம் ஒன்றை உயரமாக வைத்தாலே போதும். முழங்கையால் தள்ளித் திறக்கும் நீளப் பிடி உள்ள குழாயாக இருந்தால் இன்னும் நல்லது. அழுக்குக் கையால் திறந்து, கழுவிய கையால் மூடும் தொல்லை இருக்காது.

சோப்பு போட்டு இருபது வினாடி தேய்க்க வேண்டும். நகக்கண், கட்டைவிரல், விரல் இடுக்கு, மணிக்கட்டு வரை. மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாம் வேலை நேரத்தில் வேண்டாம். தோளில் கிடக்கும் துண்டில் துடைத்தால் கழுவியது வீண். தனியாக ஒரு சுத்தமான துணி வைத்து, நனைந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். சானிடைசரை நம்பாதீர்கள். கொழுப்பும் ரத்தமும் படிந்த கையில் அது வேலை செய்யாது.

எப்போதெல்லாம்? உயிர்க்கோழியைத் தொட்டுவிட்டுக் கறிக்கு வரும் முன், கழிவை அள்ளிய பின், டீ, பீடி, சாப்பாட்டுக்கு முன், கழிவறைக்குப் போகும் முன்னும் பின்னும், கடையை விட்டுக் கிளம்பும்போது. கழிவறைக்குப் போகும் முன்பும் என்று சொன்னதைக் கவனியுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ. கோலைதான், கோழிக்குடலில் இருப்பதும் அதே இனம்.

நாள் முழுக்க ஈரத்தில் இருக்கும் கை வெடிக்கும். வெடிப்பு என்றால் கிருமிக்குத் திறந்த கதவு. ராத்திரி படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். துணி சோப்பு, பிளீச்சிங் கரைசல் இவற்றில் கை கழுவவே வேண்டாம்.

படி 3: காயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

கறி வெட்டுகிறவர்களின் இடது கையைப் பார்த்தால் தெரியும். கட்டைவிரலின் பக்கவாட்டிலும் ஆள்காட்டி விரலின் முதல் மூட்டிலும் கோடு கோடாகத் தழும்புகள். கத்தி பட்டது கொஞ்சம்தான். பாதிக்கு மேல் எலும்புச் சில்லு குத்தியது. கால் எலும்பை உடைக்கும்போது அதன் முனை ஊசி மாதிரி தெறித்துத் தோலுக்குள் போகும். ரத்தம் அவ்வளவாக வராது, அதனால் யாரும் சட்டை செய்வதில்லை. ரத்தம் கொட்டும் வெட்டைவிட இந்தக் குத்துக்காயம் மோசமானது. கிருமி ஆழத்தில் போய் உட்காரும்; மேலே தோல் மூடிக்கொள்ளும்.

காயம் பட்டதும் வேலையை நிறுத்துங்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு ஐந்து நிமிடம் கழுவுங்கள். சில்லு உள்ளே இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சுத்தமான துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்தி, தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, மேலே கையுறை போடுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சிகரெட் சாம்பல் எதுவும் வேண்டாம். பிளாஸ்டர் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். காயம் மூடும் வரை உயிர்க்கோழியையும் குடல் சுத்தம் செய்வதையும் இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் கல்லாவில் உட்காருங்கள். காயத்தில் சீழ் வைத்திருந்தால் கறியையும் தொடக் கூடாது. அது உங்களிடமிருந்து அடுத்தவருக்குப் போகும்.

மூட்டின் மீதே பட்ட காயம், ஆழமான குத்து, விரலை மடக்க முடியாத வலி, இவற்றுக்கு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசியை எப்போது கடைசியாகப் போட்டீர்கள் என்று ஒரு இடத்தில் எழுதி வையுங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டியது அது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காயம் ஆறத் தாமதமாகும், வலியும் தெரியாது. கால் விரல் இடுக்கையும் தினமும் பாருங்கள். ரத்தத் தண்ணீரில் ரப்பர் செருப்போடு நிற்பதைவிட, முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் எவ்வளவோ மேல்.

படி 4: கையுறையும் உடையும்

கத்தி பிடிக்காத கைக்கு, வெட்டுப் படாத கையுறை வாங்குங்கள். எஃகு வளையம் கோத்ததும் உண்டு, வெட்டைத் தாங்கும் நூலில் பின்னியதும் உண்டு. நூல் கையுறை ரத்தத்தை உறிஞ்சும், அதனால் மேலே ஒரு ரப்பர் கையுறை வேண்டும். கையுறை போட்டதால் கை கழுவ வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள். கூண்டைத் தொட்ட கையுறையால் மூக்கைத் தேய்த்தால் வெறும் கையால் தேய்த்த மாதிரிதான். கிழிந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

மார்பு முதல் முழங்கால் வரை மறைக்கும் ரெக்ஸின் ஏப்ரன் போதும். முதலாளிகளுக்கு ஒன்று: கையுறை, ஏப்ரன், பூட்ஸ், பிளாஸ்டர் எல்லாம் கடைச் செலவு. தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிப்பது அநியாயம்.

படி 5: கட்டை, கத்தி, தரை

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். நேராகப் பிளீச்சிங் பவுடர் தூவுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. ரத்தமும் கொழுப்பும் இருக்கும் இடத்தில் குளோரின் அவற்றோடு சேர்ந்தே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. முதலில் சுரண்டி எடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, அலசுங்கள். அதற்குப் பிறகுதான் பிளீச்சிங்.

10 லிட்டர் தண்ணீருக்கு, புதிதாகப் பிரித்த பிளீச்சிங் பவுடர் 30 முதல் 35 கிராம். கலக்கித் தெளியவிட்டு, மேலே இருக்கும் தெளிந்த நீரை எடுத்துத் தரை, கட்டை, ட்ரம், கூண்டு எல்லாவற்றிலும் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். அன்றன்றைக்குக் கலக்கியதுதான் வேலை செய்யும். திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும். கழிவறை ஆசிட்டோடு இதை ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைத்து ஆளையே சாய்த்துவிடும்.

புளியமரக் கட்டை நல்ல கட்டைதான். ஆனால் நடுவில் பள்ளம் விழுந்து, வெடிப்பில் கறுப்பாக அழுக்கு ஏறிவிட்டால் எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. மேல்பகுதியை இழைத்துவிடுங்கள், அல்லது மாற்றுங்கள். ராத்திரியில் சாக்குப் போட்டு மூடாமல், காற்றாட நிமிர்த்தி வையுங்கள்.

பெரிய அறுப்புக் கூடங்களில் கத்தியை 82 டிகிரி சூட்டுத் தண்ணீரில் முக்கி எடுப்பது விதி. கடையில் அதை எளிதாகச் செய்ய, இரண்டு கத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கையில் இருக்கும்போது மற்றது கழுவப்பட்டுக் கொதிநீரில் கிடக்கட்டும். அறுக்கும் கத்தி வேறு, துண்டு போடும் கத்தி வேறு என்பதையும் மாற்றக் கூடாது.

படி 6: உயிர்க்கோழியும் தூசியும்

ராத்திரியில் கோழி பிடிக்கப் போகிறவர்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. ஒரு ஷெட்டைக் காலி செய்வதற்குள் ஆயிரக்கணக்கான கோழிகள் அவர்கள் கையில் சிறகடிக்கும். தேங்காய் நார்க்கழிவும் காய்ந்த எச்சமும் இறகுத் துகளும் கலந்த புழுதி, லைட் வெளிச்சத்தில் புகை மாதிரி நிற்கும். அந்தப் புழுதியோடு கிருமியும் மூக்குக்குள் போகிறது. முகத்தில் கட்டும் துண்டு பெரிய தூசியைத்தான் தடுக்கும். என்95 முகக்கவசம் போடுங்கள். நனைந்தாலோ அழுக்கானாலோ மாற்றுங்கள். முழுக்கைச் சட்டை வேண்டும், கோழி கீறும் கீறலெல்லாம் முன்கையில்தான் விழுகிறது.

பண்ணைக்காரர் செய்ய வேண்டியது: பிடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்துவது (தண்ணீரை நிறுத்தக் கூடாது), வெளிச்சத்தைக் குறைப்பது. குடல் காலியாக இருந்தால் எச்சம் குறையும். இருட்டில் கோழி மிரளாது, சிறகடிப்பதும் குறையும். வேலை முடித்தவர்கள் குளிக்கத் தண்ணீரும் சோப்பும் பண்ணையிலேயே இருக்க வேண்டும்.

கடையில் இறகு எடுக்கும் இயந்திரம் இருந்தால் மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். அது முகத்தில் தெளிப்பது வெறும் தண்ணீர் இல்லை.

படி 7: வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருக்க

கடைச் செருப்பு கடையிலேயே இருக்கட்டும். உடை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். அழுக்கு உடையைத் தனிப் பையில் போட்டு, வீட்டில் தனியாகச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஓடிவரும் குழந்தையைத் தூக்கும் முன் குளித்துவிடுங்கள். போனைத் துடைப்பதையும் மறக்க வேண்டாம். சவரக் கத்தி, துண்டு, நகவெட்டி வீட்டில் யாரோடும் பகிரக் கூடாது.

படி 8: உடம்புக்கு வந்தால்

சிவந்து, சூடாகி, வீங்கி, நாளுக்கு நாள் பரவும் இடம். திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டி. காயத்திலிருந்து மேலே ஓடும் சிவப்புக் கோடு. காயத்தோடு காய்ச்சல், குளிர் நடுக்கம். எரிச்சலோடு சிறுநீர், இடுப்பு வலி. ரத்தம் கலந்த பேதி. இவற்றில் எது வந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். சிவப்புக் கோடோ, காய்ச்சல் நடுக்கமோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. கட்டியை நீங்களே பிதுக்கக் கூடாது.

டாக்டரிடம் போனதும் முதலில் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. "டாக்டர், நான் கோழிக்கடையில் வெட்டுகிற வேலை செய்கிறேன். உயிர்க்கோழியையும் கையாளுவேன். சீழைக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்ப முடியுமா?" இப்படியே கேட்கலாம், தப்பே இல்லை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அந்தச் சோதனைதான் காட்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி எடுப்பது நல்லது. ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த முறை உதவும். ஏதாவது அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தாலும், முன்கூட்டியே இந்தத் தொழிலைச் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை அட்டையின் பின்புறம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். ஆன்டிபயாடிக்கை மக்கள் அடையாளம் காண்பதற்காக 2016-ல் மத்திய அரசு இதைப் பிரசாரமாகவே நடத்தியது. எழுதிக் கொடுத்த நாட்களுக்குச் சாப்பிடுங்கள். மிச்சம் வைத்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். பண்ணையில் கிடக்கும் கோழி மருந்தை எடுத்து மனிதர்கள் சாப்பிடுவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, உணவைக் கையாளும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். சான்றிதழ் வாங்கி ஆணியில் மாட்டுவதோடு நிறுத்தாமல், அன்றைக்கே கையையும் காலையும் சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 9: பண்ணையில் மருந்தைக் குறைப்பது

மேலே சொன்ன எட்டுப் படியும் தொழிலாளி தலையில் பொறுப்பை வைப்பவை. கிருமி உருவாகும் இடத்தில் எதுவும் மாறாவிட்டால் அது நியாயமும் இல்லை.

குறைக்க முடியாது, தொழில் படுத்துவிடும் என்பார்கள். நெதர்லாந்தில் 2009-க்கும் 2012-க்கும் இடையில் கால்நடைகளுக்கான ஆன்டிபயாடிக் விற்பனை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அங்கே கால்நடைத் தொழில் அழியவில்லை. எந்தப் பண்ணை எவ்வளவு வாங்குகிறது, எந்த மருத்துவர் எவ்வளவு எழுதுகிறார் என்று கணக்கு வைத்து, அதிகம் போகும் இடத்தைத் தட்டிக்கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் எடை கூட்டுவதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது 2006 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது.

நம் ஊரில் பெரும்பாலான பிராய்லர் பண்ணைகள் கம்பெனிக்குக் கூலிக்கு வளர்ப்பவை. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையவை. எந்த மருந்து கொடுப்பது என்ற முடிவு பல நேரம் அவர் கையில் இல்லை. ஆனாலும் சிலது இருக்கிறது. கூளம் ஈரமாகாமல் பார்த்துக்கொள்வது, கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாயின் ஒழுகலை அன்றைக்கே அடைப்பது, குடிநீரில் குளோரின் போடுவது, தடுப்பூசி நாளைத் தள்ளிப்போடாமல் இருப்பது, ஒரு பேட்ச் போனபின் ஷெட்டைக் கழுவிக் காயப்போட்டு இடைவெளி விடுவது. நோய் குறைந்தால் மருந்துக்குத் தேவையே குறையும். லேபிளில் கோலிஸ்டின் என்று இருந்தால் வாங்காதீர்கள், கொடுக்கவும் விடாதீர்கள்.

லேபிள் இல்லாத பொட்டலத்தையோ பெயர் சொல்லாத பாட்டிலையோ தண்ணீர்த் தொட்டியில் ஊற்றச் சம்மதிக்க வேண்டாம். சூப்பர்வைசரிடம் பெயரைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு நோட்டு வையுங்கள். மருந்தின் பெயர், எதற்காக, யார் சொன்னது, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, நிறுத்தியபின் கறிக்கு விற்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கும் கணக்கு. கோழி ஏற்றும் அன்று அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து, பிடிக்க வரும் ஆட்களின் மேஸ்திரிக்கு அனுப்பிவிடுங்கள். அவர்களில் யாருக்காவது ஒரு வாரத்தில் கட்டியோ காய்ச்சலோ வந்தால், டாக்டரிடம் காட்ட அந்தப் படம் கையில் இருக்கும்.